காலிப் பட்டியல் என்றால் எல்லோருமா, யாரும் இல்லையா?

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பாட்டுக் கேட்பது, படம் பார்ப்பது, மெயில் அனுப்புவது எல்லாம் கைவந்துவிடும். அதன் பிறகுதான் “நம் கடைக் கணக்கை இதில் ஏற்றினால் என்ன?”, “சங்கத்து உறுப்பினர் பட்டியலை இதில் வைத்தால் என்ன?” என்ற ஆசை வரும். நல்ல ஆசைதான். அந்த ஆசையில் இறங்குபவர்கள் இன்றோ நாளையோ சந்திக்கப் போகும் ஒரு சிக்கலைப் பற்றியது இந்தக் கட்டுரை. பலர் இதன் பெயர்கூடத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இன்ஜினியரிங் படித்து, சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்கும் நானும் மாட்டிக்கொண்டேன். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மாமாவின் பூக்கடை

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி போகும் சாலையில் இருக்கிறது தோவாளை. அங்குள்ள பூச்சந்தையை எங்கள் பக்கத்தில் அறியாதவர்கள் கிடையாது. பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, வாடாமல்லி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். குமரி மாவட்டத்துக்கு மட்டுமல்ல, கேரளத்துக்கும் இங்கிருந்து பூ போகிறது. ஓணம் வந்துவிட்டால் அத்தப்பூக் கோலத்துக்காகக் கேரள வியாபாரிகள் குவிந்துவிடுவார்கள். என் தாய்மாமா அங்கே மொத்த வியாபாரம் செய்கிறார்.

ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது மாமா கேட்டார்: “மக்கா, பாக்கி வச்சிருக்கவனுக்கு மட்டும் தினமும் காலையில போனுக்கு ஒரு தகவல் போகணும். நான் கூப்பிட்டுக் கேட்டா மனத்தாங்கல் ஆயிருது. கம்ப்யூட்டர் கேட்டா எவனும் கோவிக்க மாட்டான் பாத்துக்கோ.”

கடைக் கணக்கு ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருந்தது. நான் முன்பு எழுதிக் கொடுத்த புரோகிராம்தான். இரண்டு நாளில் தகவல் அனுப்பும் வசதியையும் சேர்த்துக் கொடுத்தேன். அது நன்றாகவே ஓடியது. வாடிக்கையாளர் முந்நூறு பேருக்கு மேல். தினமும் அவர்களில் பத்துப் பேருக்கோ இருபது பேருக்கோ தகவல் போகும்.

ஓணம் வந்தது. பழைய பாக்கி தீர்த்தால்தான் ஓணத்துக்குப் புதுச் சரக்கு என்று மாமா சொல்லிவிட்டார். எல்லோரும் தீர்த்துவிட்டார்கள். அன்றைக்குக் கடையில் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. மறுநாள் காலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் “உங்கள் பாக்கியை உடனே செலுத்தவும்” என்று தகவல் போய்விட்டது!

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரியவர் மாமாவைக் கூப்பிட்டார். முப்பது வருடமாக ஒருநாள்கூட கடன் சொல்லாதவர். “என்ன அண்ணாச்சி, நேத்து ராத்திரிதானே கணக்குத் தீர்த்தேன். நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். மாமா என்னிடம் கோபப்படவில்லை. “கம்ப்யூட்டர் பண்ணுன தப்புன்னு சொல்லிச் சமாளிச்சேன். ஆனா மக்கா, கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?” என்றுதான் கேட்டார்.

பண்ணாது. நான் சொன்னதைத்தான் அது செய்தது. நான் சொன்னதில் என்ன தப்பு என்று இனி பார்ப்போம்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பது எப்படி?

தகவல்களை வரிசை வரிசையாக அடுக்கி வைக்கும் இடம் டேட்டாபேஸ். அதில் உள்ள ஒவ்வொரு அட்டவணையையும் டேபிள் என்கிறோம். டேபிளின் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்ட். நமக்கு வேண்டிய ரெக்கார்டுகளை மட்டும் எடுத்துத் தரும்படி கேட்பது குவெரி.

1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர், தகவல்களை இப்படி டேபிள்களாக அடுக்கும் முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974இல் அந்த டேபிள்களிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அதுதான் இன்றைய எஸ்.க்யூ.எல். வங்கிக் கணக்கு முதல் உங்கள் செல்போனில் உள்ள முகவரிப் பட்டியல் வரை பெரும்பாலும் இந்த மொழியில்தான் ஓடுகின்றன.

ஒரு சாதாரணக் குவெரியைப் பாருங்கள்:

செலக்ட் * ஃப்ரம் வாடிக்கையாளர் வேர் எண் இன் (2, 4);

‘செலக்ட்’ என்றால் தேர்ந்தெடு. நட்சத்திரக் குறி, எல்லா விவரங்களும் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. ‘ஃப்ரம்’ என்றால் எதிலிருந்து என்பது; இங்கே வாடிக்கையாளர் என்ற டேபிளிலிருந்து. ‘வேர்’ என்பது எங்கே என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். இதற்குப் பின்னால் நிபந்தனை வரும். ‘இன்’ என்றால் உள்ளே. ஆக, “எண் 2, 4 என்ற பட்டியலுக்குள் இருக்கும் வாடிக்கையாளர்களை எடுத்துக் கொடு” என்பது இதன் பொருள்.

மாமாவின் கடைப் புரோகிராம் இரண்டு படிகளில் வேலை செய்தது. முதலில் பாக்கி உள்ளவர்களின் எண்களைச் சேகரித்து ஒரு பட்டியல் தயாரிக்கும். பிறகு அந்தப் பட்டியலை ‘இன்’ அடைப்புக்குறிக்குள் போட்டு, அவர்களுடைய போன் நம்பர்களை எடுக்கும். பாக்கி உள்ளவர்கள் இருக்கும்வரை ஒரு பிரச்னையும் இல்லை. யாருமே இல்லாத நாளில் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் இருக்காது. குவெரி இப்படி ஆகிவிடும்:

செலக்ட் * ஃப்ரம் வாடிக்கையாளர் வேர் எண் இன் ();

இந்தக் காலி அடைப்புக்குறிதான் நம் கதாநாயகன், வில்லன் இரண்டும்.

மண்டப வாசலில் வாட்ச்மேன்

இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார். அவர் கையில் ஒரு தாள். “இதில் பெயர் உள்ளவர்களை மட்டும் உள்ளே விடு” என்று சொல்லியிருக்கிறீர்கள். இதுதான் ‘இன்’. தாள் காலியாக இருந்தால் அவர் என்ன செய்ய வேண்டும்? யாரையும் உள்ளே விடக்கூடாது. பெயர் இருந்தால்தானே விடுவதற்கு?

இப்போது மாற்றிச் சொல்லுங்கள்: “இதில் பெயர் உள்ளவர்களை உள்ளே விடாதே.” இதற்கு எஸ்.க்யூ.எல்.லில் ‘நாட் இன்’ என்று பெயர். இந்தத் தாள் காலியாக இருந்தால் எல்லோரையும் விட வேண்டும். தடுப்பதற்கு ஒரு பெயரும் இல்லையே!

ஆக ‘இன்’னுக்குக் காலிப் பட்டியல் என்றால் யாரும் இல்லை, ‘நாட் இன்’னுக்குக் காலிப் பட்டியல் என்றால் எல்லோரும். கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் எல்லா டேட்டாபேஸ்களும் இந்தக் கணக்கை நேராகச் செய்வதில்லை. எஸ்.க்யூ.எல். மொழியின் தர விதிப்படி, அடைப்புக்குறிக்குள் எழுதும் பட்டியலில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதனால் மை எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ் போன்றவை காலி அடைப்புக்குறியைக் கண்டதும் வாக்கியத்தில் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். “தாளில் ஒன்றுமே இல்லையே!” என்று வாட்ச்மேன் உங்களிடமே திரும்பி வருவதுபோல. எஸ்.க்யூ.லைட்டோ காலிப் பட்டியலை ஏற்றுக்கொண்டு, மேலே சொன்ன கணக்குப்படி சரியான விடை தருகிறது.

நான் செய்த தப்பு

மாமாவின் கடையில் இருப்பது மை எஸ்.க்யூ.எல். புரோகிராமைச் சோதித்தபோதே எனக்கு இந்தப் பிழைச் செய்தி வந்தது. எண் 1064. அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், “பட்டியல் காலியாக இருந்தால் அந்த நிபந்தனையையே விட்டுவிடு” என்று ஒரு வரி சேர்த்தேன். பிழைச் செய்தி மறைந்தது. நானும் பஸ் ஏறிவிட்டேன்.

நிபந்தனையை விட்டுவிட்டால் குவெரியில் மிஞ்சுவது என்ன? “வாடிக்கையாளர் டேபிளிலிருந்து எடுத்துக் கொடு” என்பது மட்டும்தான். யாரை என்று சொல்லவில்லை. அதனால் எல்லோரையும் எடுத்துக் கொடுத்தது. வாட்ச்மேனின் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வாசல் திறந்து கிடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வரி என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அதே புரோகிராமில் நான் எழுதிய தேடும் திரையிலிருந்து அப்படியே எடுத்தது. அந்தத் திரையில் ஊர்களுக்குப் பக்கத்தில் டிக் செய்யும் கட்டங்கள் உண்டு. தக்கலையை டிக் செய்தால் தக்கலை வாடிக்கையாளர்கள் மட்டும் வருவார்கள். எதையும் டிக் செய்யாவிட்டால் எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள். அங்கே அது சரி. பயன்படுத்துபவர் ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் அங்கே காலி என்பதன் அர்த்தம். பாக்கிப் பட்டியல் காலி என்றால் அப்படியல்ல. கேட்டாயிற்று, தேடியாயிற்று, யாரும் இல்லை என்று விடை வந்தாயிற்று.

கேட்கவில்லை என்பது வேறு, கேட்டும் கிடைக்கவில்லை என்பது வேறு. இரண்டுமே கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஒரே காலி அடைப்புக்குறிதான். வித்தியாசம் நமக்குத்தான் தெரியும். நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் தினமும் பார்ப்பதுதான்

இது புரோகிராம் எழுதுபவர்களின் தலைவலி மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதன் மூன்று முகங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, எல்லாம். இன்டர்நெட்டில் பொருள் விற்கும் தளம் ஒன்றைத் திறந்து செல்போன் என்று தேடுங்கள். ஓரத்தில் கம்பெனிப் பெயர்களுடன் டிக் கட்டங்கள் இருக்கும். ஒன்றையும் டிக் செய்யாவிட்டால் எல்லாக் கம்பெனி போன்களும் வரும்.

இரண்டாவது, ஒன்றுமில்லை. விண்டோஸில் ஒரு ஃபோல்டரைத் திறந்து, எந்த ஃபைலையும் தேர்வு செய்யாமல் டெலிட் கீயை அழுத்துங்கள். ஒன்றும் நடக்காது. நல்ல வேளை! இங்கே காலி என்றால் எல்லாம் என்று விண்டோஸ் எடுத்துக்கொண்டிருந்தால் நம் கதி என்ன?

மூன்றாவது, மறுப்பு. எக்ஸெலில் ஒரு பட்டியலுக்கு ஃபில்டர் போட்டு, தலைப்பில் வரும் சிறிய அம்புக்குறியை அழுத்துங்கள். ‘செலக்ட் ஆல்’ கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது ஓகே பட்டன் மங்கிப்போய் அழுத்த முடியாமல் நிற்கும். “ஏதாவது ஒன்றையாவது சொல்” என்று எக்ஸெல் அடம்பிடிக்கிறது.

மூன்றும் அந்தந்த இடத்தில் சரியானவை. இந்த மூன்றில் நமக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் விடுவதில்தான் ஆபத்து.

நீங்களே செய்து பாருங்கள்

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய செலவு கிடையாது. ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்.க்யூ.லைட்’ என்ற புரோகிராமை இன்டர்நெட்டில் இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். எஸ்.க்யூ.லைட் என்பது ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட சிறிய டேட்டாபேஸ். ஆண்ட்ராய்டு போன், ஐபோன் இரண்டிலும் இது இருக்கிறது. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைலில் அடங்கிவிடுவதால் புதியவர்களுக்கு மிகவும் வசதி. டேபிள் பெயர், ஃபீல்ட் பெயர் எல்லாவற்றையும் தமிழிலேயே வைக்கலாம் என்பது நமக்கு இன்னொரு வசதி.

கீழ்க்காணும் வழிமுறைகளைப் பின்பற்றவும்.

1. புரோகிராமைத் திறந்து ‘நியூ டேட்டாபேஸ்’ பட்டனை அழுத்தவும். ஃபைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்யவும்.

2. உடனே டேபிள் அமைக்கும் விண்டோ திறக்கும். டேபிள் பெயராக வாடிக்கையாளர் என்று டைப் செய்யவும். ‘ஆட்’ பட்டனை மூன்று முறை அழுத்தி எண், ஊர், பாக்கி என்று மூன்று ஃபீல்டுகள் சேர்க்கவும். எண்ணுக்கும் பாக்கிக்கும் ‘இன்டீஜர்’, ஊருக்கு ‘டெக்ஸ்ட்’ என்று வகையைத் தேர்வு செய்து ஓகே கொடுக்கவும்.

3. ‘பிரவுஸ் டேட்டா’ டேப்புக்குச் சென்று ஐந்து ரெக்கார்டுகள் சேர்க்கவும்: 1, நாகர்கோவில், 0. 2, தக்கலை, 1200. 3, மார்த்தாண்டம், 0. 4, களியக்காவிளை, 850. 5, திருவனந்தபுரம், 0.

4. ‘ரைட் சேஞ்சஸ்’ பட்டனை மறக்காமல் அழுத்தவும். அப்போதுதான் இதுவரை செய்தவை ஃபைலில் பதிவாகும்.

5. ‘எக்ஸிக்யூட் எஸ்.க்யூ.எல்.’ டேப்புக்குச் செல்லவும். குவெரியை டைப் செய்து எஃப்5 கீயை அழுத்தினால் விடை கீழே தெரியும்.

இங்கே கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது அவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து எதுவானாலும் சரி. டேபிள், ஃபீல்ட் பெயர்கள் நீங்கள் கொடுத்தபடி தமிழிலேயே இருக்கட்டும்.

முதலில் மேலே பார்த்த, 2, 4 உள்ள குவெரியைக் கொடுங்கள். தக்கலை, களியக்காவிளை இரண்டும் வரும். அடுத்து அடைப்புக்குறியைக் காலியாக விட்டுக் கொடுங்கள். ஒரு ரெக்கார்டும் வராது. பிறகு ‘இன்’னுக்கு முன்னால் ‘நாட்’ சேர்த்துக் காலி அடைப்புக்குறியுடன் கொடுங்கள். ஐந்தும் வரும். கடைசியாக ‘வேர்’ முதல் உள்ள நிபந்தனை முழுவதையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். இப்போதும் ஐந்தும் வரும். இந்தக் கடைசி விடைதான் மாமாவின் வாடிக்கையாளர்களுக்குப் போன தகவல்.

டெலிட் என்றால் இன்னும் ஆபத்து

தவறான தகவல் போனால் மன்னிப்புக் கேட்கலாம். இதே தப்பை ‘டெலிட்’ கட்டளையில் செய்தால் கேட்பதற்கு டேட்டாவே இருக்காது.

“பட்டியலில் உள்ள பழைய ரெக்கார்டுகளை அழி” என்று எழுதுகிறீர்கள். பட்டியல் காலி. என்னைப்போல் நிபந்தனையை விட்டுவிட்டால் டேபிள் முழுவதும் போய்விடும். “பட்டியலில் உள்ளவற்றை வைத்துக்கொண்டு மற்றதை அழி” என்று ‘நாட் இன்’ போட்டு எழுதினாலும் ஆபத்துதான். வைத்துக்கொள்ள வேண்டியவற்றின் பட்டியல் ஏதோ காரணத்தால் காலியாகிவிட்டால், கணக்குப்படியே அனைத்தும் அழியும். இங்கே டேட்டாபேஸ் தப்புச் செய்யவில்லை என்பதுதான் வேதனை.

டிபி பிரவுசரில் இதையும் பயமில்லாமல் செய்து பார்க்கலாம். ‘ரைட் சேஞ்சஸ்’ அழுத்தாதவரை எதுவும் ஃபைலில் பதிவாகாது. ‘ரிவர்ட் சேஞ்சஸ்’ அழுத்தினால் கடைசியாகப் பதிவு செய்த நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாப் புரோகிராம்களும் இவ்வளவு கருணை காட்டுவதில்லை.

பட்டியலில் ஒரு வெற்றுக் கட்டம்

காலிப் பட்டியலுக்கு ஒரு தம்பி உண்டு. அதன் பெயர் ‘நல்’. நம் ‘நல்ல’ என்ற சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! மதிப்பு தெரியாது, நிரப்பப்படவில்லை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இது. பூஜ்யம் அல்ல, வெறும் இடைவெளியும் அல்ல.

காலி அடைப்புக்குறியால் வரும் பிழையைத் தவிர்க்கச் சிலர் அதற்குள் ‘நல்’ என்று போட்டுவிடுவார்கள். ‘இன்’ கட்டளையில் இது தப்பித்துவிடும். யாரும் வர மாட்டார்கள். அதுதான் நமக்கும் வேண்டும். ‘நாட் இன்’னில் போட்டால் எல்லோரும் வர வேண்டிய இடத்தில் ஒருவரும் வர மாட்டார்கள்.

நம் வாட்ச்மேனிடமே போவோம். தடுக்க வேண்டியவர்களின் தாளில் ஒரு வரி மட்டும் மை கொட்டி வாசிக்க முடியாமல் இருக்கிறது. வருபவரிடம், “அந்த வரியில் இருப்பது நீங்கள் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாதே” என்கிறார் வாட்ச்மேன். இதையே ஒவ்வொருவரிடமும் சொல்லி எல்லோரையும் வெளியே நிறுத்திவிடுகிறார். எஸ்.க்யூ.எல்.லில் ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளோடு தெரியாது என்ற மூன்றாவது விடையும் உண்டு. ஆம் என்று விடை வந்த ரெக்கார்டை மட்டும்தான் அது வெளியே தரும்.

உங்கள் டேபிளில் ‘நாட் இன் (2, நல்)’ என்று கொடுத்துப் பாருங்கள். 2 நீங்கலாக நான்கு ரெக்கார்டுகள் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒன்றும் வராது. “இந்த ஊர்களுக்கு அனுப்ப வேண்டாம்” என்ற பட்டியலை வேறொரு டேபிளிலிருந்து எடுக்கும்போது அதில் ஒரே ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருந்தாலும் இதே கதிதான்.

இன்னும் சிலர் 0 அல்லது -1 என்று இல்லாத ஒரு எண்ணைப் போட்டு வைப்பார்கள். அந்த எண்ணில் ஒரு ரெக்கார்ட் வராதவரை அது ஓடும். வந்த அன்று அவர் ஒருவருக்கு மட்டும் தினமும் தகவல் போகும்.

சரி, தீர்வு என்ன?

1. பட்டியல் காலியாக இருந்தால் டேட்டாபேஸிடம் போகவே வேண்டாம். “யாரும் இல்லை” என்று புரோகிராமே விடை சொல்லி நிறுத்திக்கொள்ளட்டும். இதுதான் மிக எளிய வழி. புரோகிராம் எழுத உதவும் கட்டமைப்புகள் சிலவும் இதைக் கவனித்துக்கொள்கின்றன. ஜாங்கோவில் காலிப் பட்டியல் கொடுத்தால் அது டேட்டாபேஸைக் கேட்காமலே காலி விடையைத் தரும். லாராவெல் அந்த இடத்தில் ‘0 = 1’ என்ற, என்றுமே உண்மையாகாத நிபந்தனையைப் போட்டுவிடும். நிபந்தனையை விட்டுவிடுவதற்கு நேர் எதிரான வழி இது.

2. முடிந்தால் இரண்டு படிகளை ஒன்றாக்குங்கள். எண்களைப் பட்டியலாகக் கையில் வாங்கி மறுபடி கொடுப்பதற்குப் பதில், ‘வேர் பாக்கி > 0’ என்று நேரடியாகக் கேட்கலாம். பாக்கி வேறு டேபிளில் இருந்தால், அடைப்புக்குறிக்குள் எண்களுக்குப் பதில் இன்னொரு ‘செலக்ட்’ குவெரியையே எழுதலாம். உள்ளே இருக்கும் குவெரிக்கு விடை ஒன்றும் இல்லாவிட்டாலும் பிழைச் செய்தி வராது. மை எஸ்.க்யூ.எல்.லும் இதை ஏற்றுக்கொள்ளும்.

3. எல்லாம் வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் வையுங்கள். ஒன்றும் சொல்லாததை எல்லாம் என்று எடுத்துக்கொள்வது தேடும் திரையோடு நிற்கட்டும். அனுப்புவது, அழிப்பது, விலை மாற்றுவது போன்ற வேலைகளில் “அனைவருக்கும்” என்று ஒருவர் வேண்டுமென்றே டிக் செய்தால்தான் அனைவருக்கும் போக வேண்டும்.

4. ‘நாட் இன்’ பயன்படுத்தும்போது பட்டியலில் ‘நல்’ இல்லாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். அல்லது ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற கட்டளையைப் பழகிக்கொள்ளுங்கள். அதில் இந்தத் தொல்லை இல்லை.

5. செய்வதற்கு முன் எண்ணிக்கையைக் காட்டுங்கள். “0 பேருக்கு அனுப்பப்படும்”, “312 பேருக்கு அனுப்பப்படும்” என்று திரையில் வந்திருந்தால் மாமாவே அன்று காலையில் நிறுத்தியிருப்பார்.

6. சோதிக்கும்போது மூன்று விதமாகச் சோதியுங்கள்: பட்டியலில் பலர், ஒருவர், யாரும் இல்லை. நாம் பெரும்பாலும் முதல் விதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறோம்.

7. டெலிட் செய்வதற்கு முன் டேட்டாபேஸை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். எஸ்.க்யூ.லைட் என்றால் புரோகிராமை மூடிவிட்டு அந்த ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் போதும்.

புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது?

கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் வந்து எல்லாப் பட்டன்களையும் அழுத்திக் காட்டுவார். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எதையும் தேர்வு செய்யாமல் இந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?” உங்கள் உண்மையான கணக்கில் அல்ல, சோதனைக்காக வைத்திருக்கும் கணக்கில் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அழிக்கும் பட்டன், அனுப்பும் பட்டன் இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். அவர் தடுமாறினால், அந்தக் கேள்வியை யோசிக்காமலே சாஃப்ட்வேர் எழுதப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி

1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் இருந்தன. 2019இல் கிள்ளியூர், திருவட்டாறு இரண்டும் சேர்ந்து ஆறாயின. ஒரு திரையில் தாலுகாவைத் தேர்வு செய்தால் அதன் கிராமங்கள் மட்டும் கீழே வர வேண்டும் என்று ஒரு புரோகிராம் எழுதுவதாகக் கற்பனை செய்யுங்கள். புதிய தாலுகாவின் பெயரைச் சேர்த்துவிட்டீர்கள். கிராமங்களை இன்னும் ஏற்றவில்லை. இப்போது கிள்ளியூரைத் தேர்வு செய்தால் திரையில் என்ன வர வேண்டும்? மாவட்டத்தின் எல்லாக் கிராமங்களுமா, ஒன்றுமில்லாத வெற்றுக் கட்டமா, “கிராமங்கள் இன்னும் ஏற்றப்படவில்லை” என்ற செய்தியா? விடையோடு காரணத்தையும் எழுதிப் பாருங்கள். காரணம் எழுத வந்துவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மாமாவின் நோட்டு

புரோகிராமைத் திருத்திக் கொடுத்த அன்று மாமா தன் பழைய கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு கடைக் கணக்கப்பிள்ளை எழுதியது. பாக்கி இல்லாத நாட்களில் அந்தப் பக்கத்தை அவர் வெறுமனே விடவில்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்து, “இன்று பாக்கி இல்லை” என்று எழுதி, தேதி போட்டிருந்தார். “சும்மா விட்டா, எழுத மறந்துட்டானா, நெசமாவே இல்லியான்னு நாளைக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாமா. நான் பல ஆண்டுகள் படித்தும் பிடிபடாத விஷயம் அந்தக் கோட்டில் இருந்தது.

இப்போது கடைப் புரோகிராமும் அப்படித்தான் செய்கிறது. பாக்கி இல்லாத நாளில் யாருக்கும் தகவல் அனுப்பாமல், “இன்று பாக்கி இல்லை” என்று தேதியோடு ஒரு வரியைப் பதிந்து வைக்கிறது.

திருவனந்தபுரத்துப் பெரியவர் இன்றும் மாமாவிடம்தான் பூ வாங்குகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்ததும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்கிறார். முன்பெல்லாம் கேட்டதில்லை.